நடுவில் ஒரு கட்டம்

பிறப்புப் பதிவு ஃபாரத்தில் குழந்தையின் பெயருக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர். முதல் கட்டத்துக்கு உரியதைக் குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே மாமியார் முடிவு செய்துவிட்டார். சின்னப் பெயர், சொல்லச் சுலபம், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்றாவது கட்டத்தில் கணவன் வீட்டுப் பெயர். அதில் பேச ஒன்றும் இல்லை. நடுவில் இருந்த கட்டம் மட்டும் தனக்கு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சுமந்து பெற்றவளுக்கு மூன்றில் ஒன்று என்பது அப்படியொன்றும் பேராசை இல்லையே.

அவள் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். அச்சுக்குப் போகுமுன் தாள்களை வரி வரியாகப் படித்து, விட்டுப்போன புள்ளியையும் இடம் மாறிய கொம்பையும் சிவப்பு மையால் பிடித்துப் போடுவது அவள் வேலை. கூட வேலை பார்க்கிறவர்கள் அவளைப் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது முறை, நாலாம் மாதமே மருத்துவர் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். கழிப்பறைக்கு மட்டும் எழுந்துகொள்ளலாம். தும்மல் வந்தால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து தும்மினாள். "சும்மா படுத்துக் கிடந்தா பைத்தியம் பிடிச்சிரும்" என்று பதிப்பக முதலாளி ஒரு பெட்டி நிறையத் தாள்களை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

இரவலார் என்பவர் எழுதிய ஐந்து நாவல்கள் அவை. ஒரே தொகுப்பாக வரப்போகின்றன. ஆள் இறந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கிறது, ஆனால் அட்டையில் எப்போதும் குடும்பப் பெயர் மட்டும்தான் போடுவாராம். முன்னோர் யாரோ பாட்டுப் பாடிப் பரிசு வாங்கப் போனவர், அதிலிருந்து வந்த பெயர் என்று முன்னுரையில் இருந்தது.

இரண்டாவது நாவலில் ஒரு தபால்காரர் தன் சைக்கிளோடு கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அதைத் தொடாமல் நடந்தே போகிறார். சைக்கிளும் விட்டுக் கொடுப்பதாக இல்லை. அந்தப் பக்கத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வயிறு குலுங்கியது. ஐயோ என்று கையை வைத்து அழுத்திக்கொண்டபோது, உள்ளே குழந்தை முதல் முறையாக அசைந்தது. அப்போது ஐந்தாம் மாதம். முந்தைய இரண்டும் அந்த மாதத்தைத் தாண்டியதில்லை.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். சாயங்காலம் கணவன் வந்ததும் கேட்டாள்.

"ஏங்க, நடுப்பேர் இரவலார்னு வச்சா எப்படி இருக்கும்?"

"உன் இஷ்டம்" என்றான் அவன்.

அவன் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவன். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, யாரென்றே தெரியாதவர்களின் தாடைகளுக்கு மெழுகில் பல் வடிப்பான். நாள் முழுக்க வாய்களோடு இருப்பவன் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டான். அவன் 'உன் இஷ்டம்' என்றால் சரி என்றும் இருக்கலாம், வேண்டாம் என்றும் இருக்கலாம், என்னை விட்டுவிடு என்றும் இருக்கலாம். ஒன்பது வருஷத்தில் அதைப் பிரித்துப் படிக்க அவள் கற்றிருக்கவில்லை. சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த மாமியார் காதில் அன்றுதான் அந்தப் பெயர் விழுந்தது.

"என்னது, இரவலா?"

"இரவல் இல்ல அத்தை. இரவலார்."

"பக்கத்து வீட்ல சுத்தியல் வாங்கிட்டு வந்து திருப்பிக் கொடுக்கிறோமே, அந்த இரவல்தானே?"

"அது வேற அத்தை. அந்தக் காலத்துல பாட்டுப் பாடிப் பரிசு கேட்டுப் போறவங்களை இரவலர்னு சொல்லுவாங்க. அதுலேர்ந்து வந்தது."

"கேட்டுப் போறவங்கன்னா, பிச்சைதானே?"

"பிச்சை இல்ல அத்தை. அவங்க பாட்டைக் கொடுப்பாங்க, இவங்க பரிசைக் கொடுப்பாங்க."

"எப்படியோ, கையை நீட்டுறதுதானே?" என்று மாமியார் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒன்பது வருஷம் கழிச்சு வந்த பிள்ளைக்கு உலகத்துல வேற பேரே கிடைக்கலையா?"

மறுநாள் கணவனின் அண்ணன் மனைவியோடு வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மூன்று பிள்ளைகள். லாரிகளுக்கு டயர் விற்பவர். டயர் கடைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே குரல்தான்.

"எங்க அந்த இரவல் பாப்பா?" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "ஆமா, யார்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்? எப்போ கொடுக்கணும்?"

மாமியார் சிரித்தார். அண்ணன் மனைவியும் சிரித்தாள். இவள் தன் கணவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் குழந்தையின் துணி ஒன்றை நாலாக மடித்து, அது சரியில்லை என்று பிரித்து, மறுபடி நாலாக மடித்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து அந்த வீட்டில் குழந்தைக்கு அதுவே பெயராகிவிட்டது. இரவல் பாப்பா பால் குடிச்சுதா, இரவல் பாப்பா தூங்குதா. ஒவ்வொரு முறையும் அவள் திருத்தினாள். ஒவ்வொரு முறையும், "சரி சரி, கோபப்படாதே" என்றார்கள். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கோபமே வராத ஆளுக்கும் அப்படிச் சொன்னால் வந்துவிடும்.

பதினெட்டாம் நாள் கணவன் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினான். அறுவை செய்த தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்ததால் அவளால் கூடப் போக முடியவில்லை. ஒரு துண்டுத் தாளில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"லாவுக்கு அப்புறம் 'ர்'. புள்ளியை விட்டுடாதீங்க."

"சரி" என்றான்.

மத்தியானம் சான்றிதழோடு வந்தான். முதல் பெயர் இருந்தது. குடும்பப் பெயர் இருந்தது. நடுவில் ஒரு கோடு இருந்தது.

"என்னங்க இது?"

"அந்தப் பேரைக் கவுன்டர்ல ஏத்துக்கலை."

"ஏன்?"

"இன்னொரு குடும்பத்துப் பேரை நடுப்பேரா போடக் கூடாதாம். ரூலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

அவளுக்குத் தலை கொதித்தது. அப்படி ஒரு விதியா? எந்தச் சட்டத்தில், எந்தப் பக்கத்தில்? மறுநாளே போன் போட்டாள். இருபத்தைந்து நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்து, எடுத்தவர் வேறு எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணில் இருந்தவர், "நேர்ல வாங்கம்மா" என்றார். குழந்தை அழ, ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவரோடு சண்டை போட்டாள். பதிப்பக முதலாளியிடம் சொல்லி, இரவலார் என்பது புகழ்பெற்ற இலக்கியப் பெயர் என்று ஒரு கடிதம் வாங்கினாள். அதற்கு மேல் தானே இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினாள். மூன்று முறை அடித்துத் திருத்தி, நாலாம் முறை சுத்தமாக எழுதினாள். கணவன் எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு தடவை மட்டும், "விடேன், போகட்டும்" என்றான்.

"எப்படிங்க விடறது? அவங்க யாரு என் பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூடாதுன்னு சொல்ல?"

அவன் எழுந்து போய்த் தொட்டிலை ஆட்டினான்.

குழந்தைக்கு நாற்பத்தோராம் நாள், அதை மார்போடு கட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள். டோக்கன் எண் எழுபத்து மூன்று. அறுபத்தெட்டில் குழந்தை அழத் தொடங்கியது. எழுபத்தொன்றில் கணினி நின்றுபோனது. ஒருவழியாகக் கவுன்டருக்கு முன் போய் உட்கார்ந்து, மனுவை விரித்து வைத்தாள். அங்கிருந்த அலுவலர் வயதான பெண்மணி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இப்படி ரூல் எதுவும் கிடையாதே."

"உங்க கவுன்டர்ல அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"யார் சொன்னது? நடுப்பேர்ல நீங்க எதை வேணா போட்டுக்கலாம்மா. இருங்க, ஃபாரத்தையே எடுத்துப் பார்த்துடுவோம்."

உள்ளே போய், ஒரு கோப்போடு வந்தார். ஃபாரத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். முதல் பெயர், கணவனின் கையெழுத்தில். குடும்பப் பெயர், கணவனின் கையெழுத்தில். நடுக் கட்டத்தில், அதே மையில், அளந்து போட்டதுபோல் நேரான ஒரு கோடு.

"உங்க வீட்டுக்காரர் எழுத்துதானே?"

அவள் தலையாட்டினாள்.

"அப்போ தப்பு எங்க மேல இல்லம்மா" என்றார் அலுவலர். அதிலே குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே அவளுக்கு மானம் போயிற்று. ஒரு திருத்த ஃபாரத்தைக் கொடுத்து, "அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அவன் வேலை செய்யும் கூடத்துக்குப் போனாள். நீளமான மேஜைகள், அவற்றின் மேல் வரிசையாக வெள்ளைத் தாடைகள். நாலு பேர் குனிந்து பொய்ப்பற்களை இயந்திரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கும் மாவு போல் தூசி. அவன் அவளையும் குழந்தையையும் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். குழந்தைக்குத் தூசி ஆகாது என்று இருவரையும் பொருள் வைக்கும் சின்ன அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினான்.

"கோடு போட்டது நீங்களா?"

அவன் மெழுகு ஒட்டிய விரல்களைப் பார்த்தான். "ஆமா."

"மூணு வாரமா நான் ஆபீஸைத் திட்டிக்கிட்டு இருக்கேன். போன்ல அவ்வளவு சண்டை போட்டேன். முதலாளிகிட்டப் போய் லெட்டர் வாங்கினேன். நாலு தடவை மனு எழுதினேன். நீங்க எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்க!"

"நீ விட்டுடுவேன்னு நினைச்சேன்."

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன வச்சிருந்தீங்க?"

அவன் விரலில் இருந்த மெழுகைச் சுரண்டினான். பிறகு சொன்னான். "ரெண்டாவதும் போச்சே, அப்போ அண்ணன் என்னைத் தனியா கூப்பிட்டுப் பேசினார். அவரோட மூணாவது அப்போ கைக்குழந்தை. அதை எடுத்துக்கோன்னார். 'இரவலா வச்சுக்கோ, உனக்குன்னு ஒண்ணு வந்தா திருப்பிக் கொடு, வராட்டி நீயே வச்சுக்கோ'ன்னார். அம்மாவும் பக்கத்துல இருந்தாங்க."

அவள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ அப்போ சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தே. எப்படிச் சொல்றது? நான் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னிக்கு அவர் வந்து, 'யார்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்'னு சிரிச்சப்போ..." என்று நிறுத்தினான். "கவுன்டர்ல ரெண்டு எழுத்து எழுதினேன். அதுக்கு மேல கை போகலை. வேற ஃபாரம் வாங்கிக் கோடு போட்டுட்டேன்."

அவளுடைய கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அலுவலகத்தின் மேல் வைக்க முடியாது. இவன் மேலும் இப்போது முழுசாக வைக்க முடியவில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அந்தப் பேரை விட்டிருப்பியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன். ஆனா சண்டையை உங்களோட போட்டிருப்பேன். சம்பந்தமே இல்லாதவங்களோட இல்ல."

"அந்தப் பேர்ல அப்படி என்னதான் இருக்கு உனக்கு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, காரணத்தை அவளும் அவனிடம் சொன்னதே இல்லை. வாயால் சொன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்த மாதங்களில் பயம். பிறந்த பிறகு பெயரைக் காப்பாற்றுவதற்கே நேரம் சரியாக இருந்தது. தபால்காரரையும் சைக்கிளையும் சொன்னாள். சிரித்ததைச் சொன்னாள். கையை வைத்ததும் குழந்தை அசைந்ததைச் சொன்னாள்.

"எந்த மாசம்?" என்று கேட்டான்.

"அஞ்சு."

அவன் கதவில் சாய்ந்துகொண்டான். பிறகு கையை நீட்டி, "ஃபாரத்தைக் கொடு" என்றான். கையெழுத்துப் போட்டான். ஓரத்தில் அவன் கட்டைவிரல் மாவு அப்படியே பதிந்துவிட்டது.

"அழுக்காயிடுச்சுன்னு திருப்பி அனுப்பினா நீங்கதான் போய் நிக்கணும்" என்றாள்.

"நிக்கிறேன்."

"அப்புறம் உங்க அண்ணன்? அந்தப் பேச்சை யார் நிறுத்துறது?"

"நான் பேசிக்கிறேன்."

"எப்போ?"

"பேசிக்கிறேன்னு சொல்றேன்ல?"

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். அவன் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வாங்கி எண்ணைப் போட்டான். அண்ணனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, பாப்பாவை இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க... இல்ல, விளையாட்டு இல்ல. அன்னிக்கு நீங்க சொன்னீங்களே, மூணாவதை இரவலா வச்சுக்கோன்னு. எனக்கு அதுதான் ஞாபகம் வருது."

மறுமுனையில் குரல் இறங்கி, "நான் அப்படியா சொன்னேன்? எப்போடா?" என்று கேட்டது.

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அதற்கு மேல் அவனாலும் என்ன சொல்ல முடியும்? "சரிண்ணே, இனிமே கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். நாலு வருஷம் நெஞ்சில் தூக்கிக்கொண்டு அலைந்தது, சொன்னவருக்கே தெரியாது என்று ஆனதில் அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. குழந்தை பசிக்கு அழுதது. அவள் அங்கேயே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் கதவுக்கு வெளியே காவல் நின்றான்.

மறுநாள் ஃபாரத்தை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அழுக்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையாம். அண்ணன் ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபோது 'பாப்பா' என்று மட்டும் கூப்பிட்டார், அதுவும் மெதுவாக. மாமியார் முதல் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, நடுப்பெயர் என்று ஒன்று இருப்பதே தெரியாததுபோல் நடந்துகொண்டார். அவளும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

புதிய சான்றிதழ் தபாலில் வந்தது. அவன்தான் உறையைப் பிரித்தான். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மூன்று பெயரையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்தான். பிறகு, "சரியா இருக்கா பாரு" என்று அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. "ம்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மூன்று வாரக் கோபத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால், அன்றைக்கு அவனிடம் அதற்கு மேல் பேசவில்லை.