ராகுலன் நின்ற படங்கள்

ராகுலனுக்குத் தலையில் முதல் நரை விழுந்ததை வெள்ளவத்தைச் சனங்கள் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுப் படத்தில் பார்த்துத்தான் அறிந்தார்கள். அப்போது அவன் காணாமல்போய்ப் பன்னிரண்டு வருடங்களாகியிருந்தன. 2008இல் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவனைக் கீழே யாரோ கூப்பிட, ஈரத்தலையோடு நீலச் சேட்டைக் கொழுவிக்கொண்டு படியிறங்கினான். வாசலில் நின்ற இலக்கத்தகடில்லாத வெள்ளை வான் போனபோது அவனும் அங்கே இல்லை. அவனுடைய தகப்பன் நவரத்தினம் கப்பல் கொம்பனியொன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். சனி ஞாயிறுகளில் தெரிந்தவர்களின் கொண்டாட்டங்களுக்குப் பிலிம் கமராவில் படம் பிடிப்பார். மகன் போன அடுத்த மாதத்திலிருந்து அவர் எடுத்த ஒவ்வொரு பிலிம் சுருளிலும் ஏதோவொரு படத்தில் அவன் நின்றான். சாப்பாட்டு வரிசையின் கடைசியில், அல்லது ஒரு தூணுக்குப் பக்கத்தில், எப்போதும் வேறெங்கோ பார்த்தபடி.

முதலில் பயந்தவர்கள் உண்டு. பிறகு பழகிவிட்டது. கலியாண அல்பம் கைக்கு வந்ததும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ராகுலன் எங்கே நிற்கிறான் என்று தேடினார்கள். அவன் வயதுக்கேற்ப மாறிவந்தான். மீசை தடித்தது, வயிறு கொஞ்சம் முன்னே வந்தது, ஒரு வருடம் கண்ணாடியும் போட்டிருந்தான். கண்ணாடி போட்டவன் எங்கேயோ ஒரு வைத்தியரிடம் கண்ணைக் காட்டியிருக்கத்தானே வேண்டும் என்று நவரத்தினம் எல்லோரோடும் வாதாடினார். அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டே செத்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியையை மகனுக்குச் செய்யாமல் இருந்தார். படத்தை மாட்டினால் மாலை போடச் சொல்வார்களே என்று அவனுடைய ஒரு படத்தைக்கூட வீட்டில் மாட்டவில்லை. மனைவி பாலேஸ்வரி மறுத்துக் கதைத்ததில்லை. படங்களை வாங்கிப் பார்ப்பாள், திருப்பிக் கொடுப்பாள்.

நாட்டில் டொலர் தீர்ந்த வருடம் பிலிமும் தீர்ந்தது. கொட்டாஞ்சேனையில் அவருக்குப் பிலிம் கழுவிக் கொடுத்த ஹியூபேட், கழுவுகிற மருந்தும் வருவதில்லை என்று கையை விரித்தார். ஒரு மழைக்காலம் முழுவதும் நவரத்தினம் மகனைக் காணாமல் இருந்தார். அதற்குமேல் பொறுக்க முடியாமல், டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கப் பாலேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு காலி வீதிக் கடைக்குப் போனார். புதிதாக எதுவும் இறக்குமதியாகாததால், கடைக்காரன் பிரியந்தனிடம் பாவித்த கமராக்கள் இரண்டுதான் இருந்தன. சென்சார், லென்ஸ், பற்றரி என்று அவன் விளக்கியது எதுவும் நவரத்தினத்தின் காதில் ஏறவில்லை. மனைவியை வாசலில் நிறுத்தி இரண்டிலும் படம் பிடித்துப் பார்த்தார்.

முதலாவதில் பாலேஸ்வரியும் பின்னால் போன பஸ்ஸும் மட்டும் விழுந்தன. இரண்டாவதின் திரையில் ராகுலன் தாயின் தோளில் கைபோட்டபடி நின்றான். நரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இருபத்துமூன்று வயது, நீலச் சேட்டு. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நவரத்தினம் அந்தக் கமராவை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். "முதலாவதையே எடுப்பம்" என்றார்.

"அதில பிள்ளை இல்லையே."

"இல்லாட்டி எங்கயோ இருக்கிறான் எண்டு நினைக்கலாம். இதில பாருமப்பா, அவனுக்கு வயசு ஒரு நாள்கூடக் கூடேல்லை."

அவர் ஹியூபேட்டுக்குப் போன் எடுத்தார். பிலிம் கழுவும்வரை காத்திருக்கும் நாட்களில் அவன் வளர்ந்திருப்பான், எடுத்தவுடன் தெரிகிற கமராவில் வளர நேரம் ஏது என்று ஹியூபேட் சொன்னார். இதை நவரத்தினம் பெரிய ஆறுதலோடு மனைவிக்குச் சொன்னார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவு வருசமும் நீங்கள் காட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள். "கண்ணாடி போட்ட அந்த ஆளை நான் பெறேல்லை. இவன்தான் என்ர பிள்ளை. தலை துவட்டாமல் போனவன்."

பிறகு அவள் வாய்விட்டு அழுதாள். பதினான்கு வருடத்தில் அவள் அழுததை நவரத்தினம் கண்டது அன்றுதான். அவர் பிரியந்தனிடம் இரண்டாவதைக் கட்டித் தரச் சொன்னார்.

அடுத்த மாதம் முகத்துவாரத்தில் அந்தியேட்டி நடந்தது. உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல முதலில் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்திருந்தார்கள். நவரத்தினம் கிரியையில் இருந்ததால், அதுவரை கமராவைத் தொட்டேயிராத பாலேஸ்வரிதான் படம் பிடித்தாள். அவர் கடலில் இறங்கிச் சாம்பலைக் கரைத்த படத்தில், பின்னால் இடுப்பளவு தண்ணீரில் ராகுலன் நின்றான். இத்தனை வருடங்களில் முதல் தடவையாகக் கமராவை, அதாவது தாயை, நேராகப் பார்த்தான்.

வீட்டில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அடையாள அட்டைப் படம் மங்கியிருந்ததால் கடலில் நின்றவனையே வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். ஆணியை நவரத்தினமே அறைந்தார், மாலையையும் அவரே போட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தன் அந்தியேட்டியன்று எடுத்த படத்தில்தான் அவன் மிகவும் வடிவாக விழுந்திருந்தான் என்பதில் வெள்ளவத்தையில் ஒருவருக்கும் இரண்டாம் கருத்தில்லை.