ஏத்தின சந்தியோகு

1

இந்தக் கதை ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதில் பிறந்தது. பிழை விட்டவர் உடுவில் ஜெயரூபன். இதை எழுதுபவரும் அவர்தான். 'நான்' என்று எழுத வெட்கமாக இருப்பதால் படர்க்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். நீங்கள் காணாத மாதிரி இருங்கள்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் ஒரு கப்பல் கிடக்கிறது. அடியில் இரண்டு இரும்புச் சிறகுகள். வேகம் பிடித்தால் சிறகுகள் மட்டும் தண்ணீரில் ஓட, உடல் மேலே எழும்பவேண்டும். தீவுகளின் நோயாளிகளை விரைவாகக் கொண்டுவரச் செய்த பரீட்சார்த்தக் கப்பல். ஒரேயொரு வெள்ளோட்டம், அதோடு சேவையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வியாழக்கிழமை பழைய இரும்புக்காக வெட்டப்போகிறார்கள். அதை ஓட்டியவரை ஊரில் 'ஏத்தின சந்தியோகு' என்று சொல்வதை ஜெயரூபன் பஸ்ஸில் கேட்டார். கப்பலை ஆகாயத்துக்கு ஏற்றிய மனிதர்! தலைப்புக் கிடைத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "கடலுக்கும் வானுக்கும் இடையே, கனவையே சுக்கானாகப் பிடித்தபடி ஒரு மனிதன்—"

(வேண்டாம். கடல் இல்லாத உடுவிலில், வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் இருந்து எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.)

இரண்டாம் தொடக்கம், நேரே போய்க் கேட்பது.

"நீங்கள்தானே அண்ணை கப்பலை ஏத்தினவர்? எங்களுக்கெல்லாம் பெருமை!"

சந்தியோகு எழும்பி உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவி அருமைநாயகி தேத்தண்ணீரை வைத்த வேகத்தில் பாதி சிந்திப்போனது.

"நக்கலடிக்கவோ தம்பி உடுவிலிலை இருந்து வந்தனீங்கள்?"*

* கடலோடிகளின் பேச்சில் வள்ளத்தை ஏத்துவது என்றால் மணல்திட்டில் கொண்டுபோய்ச் செருகுவது. வெள்ளோட்டத்தில் கப்பல் திட்டில் ஏறிச் சிறகு வளைந்தது. 'ஓட்டியின் பிழை' என்று அறிக்கை எழுதினார்கள். அதன்பிறகு அவரை நம்பி ஒருவரும் சுக்கானைக் கொடுக்கவில்லை. ஜெயரூபன் பாராட்டிய சொல், பன்னிரண்டு வருடமாக ஊர் அவரைக் குத்துகிற சொல்.

3

மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நாக்கு உலர்ந்தபின் உள்ளேயிருந்து சந்தியோகுவின் குரல் வந்தது.

"முதல் எழும்பினது. பேந்துதான் திட்டிலை ஏறினது. அறிக்கையிலை எழும்பினதை விட்டிட்டினம்."

"ஆராவது பாத்தவையோ அண்ணை?"

"நான் பாத்தனான்," என்றார் அருமைநாயகி. "இவருக்குச் சோத்துப் பார்சல் கொண்டுபோய்த் துறையிலை நிண்டனான். கப்பலுக்கும் தண்ணிக்கும் நடுவாலை, அங்காலை இருக்கிற மண்டைதீவு தெரிஞ்சது. விசாரணையிலும் சொன்னனான். பெண்சாதி வேறை என்னத்தைச் சொல்லுவாள் எண்டு சிரிச்சவை."

"வெட்டினாப் பிறகு அறிக்கைதான் மிஞ்சும் தம்பி," என்றது குரல். "எழும்பினது எண்டு ஒரு வரி எழுதுங்கோ."

4

முடிவுகள்.

அ) வெட்டுவதற்கு முதல்நாள் பெருமழை பெய்ய, கப்பல் தானாகவே மிதந்து— (ஜெயரூபன், வெட்கமில்லையா?)

ஆ) "சந்தியோகு கப்பலை ஏத்தினார்." ஒரே வரி, இரண்டு அர்த்தம். தன் முதுகில் தானே தட்டிக்கொண்டு அதைப் போனில் வாசித்துக் காட்டினார்.

"கெட்டித்தனம் உங்களுக்கு. பேர் கெடுறது அவருக்கு," என்றார் அருமைநாயகி. "சனம் எந்த அர்த்தத்தை எடுக்குமெண்டு எனக்குத் தெரியாதோ?" வைத்துவிட்டார்.

இ) முடிவுகளைத் திருத்திக்கொண்டிருக்கையில் வியாழக்கிழமை வந்துவிட்டது. ஜெயரூபன் கரைக்குப் போனார். சந்தியோகு வரவில்லை, அருமைநாயகி நின்றார். சிறகுகளை வெட்டி எடுத்தபின், உடலைக் கிரேன் மெதுவாகத் தூக்கியது. அதன் அடியால், தண்ணீருக்கு மேலே, மண்டைதீவு தெரிந்தது.

ஜெயரூபன் அருமைநாயகியைப் பார்த்தார்.

"இவ்வளவு உயரம் இல்லைத் தம்பி," என்றார் அவர். "இதிலை பாதிதான்."

அந்த இடத்தில் ஜெயரூபன் நம்பிவிட்டார். பொய் சொல்கிறவர் எதற்குப் பாதியாகக் குறைக்கவேண்டும்? ஆனால் ஒரு சொல்லையே சரியாக விளங்கத் தெரியாதவர் நம்பி என்ன பிரயோசனம்? சந்தியோகு கேட்ட வரியை அவர் எழுதினால் ஊர் சிரிக்கும். ஆகவே அதை உங்களிடம் தருகிறார்:

அன்று அந்தக் கப்பல் ..........................

நிரப்பிவிட்டுக் குருநகருக்குப் போங்கள். ஏத்தின சந்தியோகு வீடு எதுவென்று கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.