பதினொன்று பத்து ஊளை

மேனேஜர் என்பது நாயின் பெயர். விடிந்ததும் வீட்டில் எல்லோரையும் அதட்டி எழுப்பி, வேலைக்குத் துரத்திவிட்டு, தான் மட்டும் சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும் பிராணிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. வைத்தவள் அந்த வீட்டு மருமகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மேனேஜர்களைப் பற்றி அவளுக்கு அனுபவம் உண்டு.

அந்த மேனேஜருக்குத்தான் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பகலில் ஊளையிடுகிறதாம். கீழ்வீட்டு நர்சு புகார் கொடுத்திருக்கிறாராம். பதினைந்து நாளில் ஊளை நிற்க வேண்டும், இல்லையென்றால் நாய் கிளம்ப வேண்டும். நர்சின் மேல் கோபப்படவும் வழியில்லை. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கண்விழித்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவர். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்கள் சிவந்திருந்தன.

"எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றான் கணவன்.

"உங்க அக்கா நாயைப் பார்த்தாலே நாற்காலி மேல ஏறி நிப்பாங்க. அதை அனுப்புறதா இருந்தா, கூடவே நானும் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேனேஜர் இல்லாத வீட்டுக்கு மாலையில் திரும்பி வருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே மாமனாரையும் நாயையும் அழைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனாள். தனியாக விட்டால் பயந்துபோய் ஊளையிடும் நாய்கள் உண்டு என்றார் டாக்டரம்மா.

"தனியா இல்லையே டாக்டர். மாமா பகல் முழுக்க வீட்டுலதான் இருக்காரு."

"அதுக்கு இவ மேலதான் உசிரு டாக்டர். என்னையெல்லாம் ஒரு ஆளாவே மதிக்காது," என்று மாமனார் முந்திக்கொண்டார். கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னார். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

வைத்தியம் ஆரம்பமானது. கிளம்பும்போது கொஞ்சல், குலாவல் கூடாது. காலையில் மூச்சு வாங்க நடத்திக் கூட்டிவர வேண்டும். உள்ளே தின்பண்டம் அடைத்த ரப்பர் பந்து கொடுக்க வேண்டும். சாவியை எடுப்பது நாய்க்குப் பயம் தரக்கூடாது என்பதால், சும்மா சும்மா சாவியை எடுத்துக் கையில் ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். கதவைத் திறந்து வெளியே போய் ஒரு நிமிஷத்தில் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் நாற்பது தடவை வெளியே போய் வந்தாள். வீட்டில் ஏதாவது சண்டையா என்று வாட்ச்மேன் கேட்டுவிட்டுப் போனார். மேனேஜரோ நாலாவது தடவையிலேயே சலித்துப்போய்த் தூங்கிவிட்டது.

ஊளை நிற்கவில்லை.

எப்போது ஊளையிடுகிறது என்று குறித்துவைக்கும் பொறுப்பு மாமனாருக்கு. முப்பத்தாறு வருஷம் நூலகராக இருந்து, "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர். கோடு போட்ட நோட்டில் தேதி, ஆரம்பம், முடிவு என்று கட்டம் கட்டி எழுதினார். அவருடைய கை பொய் எழுதிப் பழகாத கை. வினையே அதில்தான் வந்தது.

பன்னிரண்டாம் நாள் அந்த நோட்டை டாக்டரம்மா புரட்டினார். எல்லா வரியிலும் பதினொன்று பத்து முதல் பதினொன்று முப்பத்தைந்து வரை. எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிறை விட்டால், ஒரே ஒரு நாள் மட்டும் காலி.

"நீங்க எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?"

"ஒன்பதுக்கு."

"பிரிஞ்ச ஏக்கம்னா ஒன்பதரைக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும். ரெண்டு மணி நேரம் பொறுத்துட்டு, கடிகாரம் பார்த்து எந்த நாயும் ஏங்காது. பதினொண்ணு பத்துக்கு உங்க வீட்டுல என்ன நடக்குது?"

மறுநாள் அவள் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு பதினொரு மணிக்கே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள். சரியாகப் பதினொன்று பத்துக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவுக் கீல் எண்ணெய் கேட்பதுபோல இழுவையாக இருந்தது. அதைத் தொடர்ந்து மேனேஜரின் ஊளை. இது நிறுத்தினால் அது, அது நிறுத்தினால் இது.

கதவைத் திறந்தாள். மாமனார் கையும் களவுமாக, வாயில் மவுத் ஆர்கனோடு உட்கார்ந்திருந்தார். எதிரே மேனேஜர் கழுத்தை வானத்துக்கு நீட்டியிருந்தது.

"நாய்தாம்மா..." என்று திருட்டு முழி முழித்தார்.

"நாய் மவுத் ஆர்கன் வாசிக்குதா மாமா?"

அவர் அதை வேட்டி மடிப்பில் மறைக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்.

"ரிடையரானதும் ஆசையா வாங்கினேன். ஊரையே வாயை மூடச் சொன்னவன் இதை ஊதினா சிரிக்க மாட்டாங்களா? அதான் யாருக்கும் தெரியாம... அதுவும் கூடச் சேர்ந்து பாடுதேன்னு நெனச்சேன்."

"என் நாய் போகப்போகுதுன்னு தெரிஞ்சும் பன்னெண்டு நாளா கட்டம் கட்டி எழுதிட்டிருந்தீங்க. நான் நாற்பது தடவை வாசலுக்கு நடந்தேன்." மாமனாரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை.

"ஒரு நாள் நிறுத்திப் பார்த்தேம்மா. பதினொண்ணு பத்துக்கு வந்து முன்னாடி உக்காந்துக்கிட்டு, மூக்கால என் மடியை இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் மனசு கேக்கல."

"இதெல்லாம் கீழ்வீட்டுல போய்ச் சொல்லுங்க. உங்க பையன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா அவங்ககிட்ட நீங்களேதான் சொல்லணும்."

நர்சு எழுந்திருக்கும் ஐந்து மணிக்கு இருவரும் இறங்கிப் போனார்கள். மேனேஜரும் வந்தது. மாமனார் தொண்டையைக் கனைத்தார், இருமினார், இன்று வெயில் அதிகம் என்றார். நர்சே பாவப்பட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு எழுதல சார். இந்தக் குட்டிப்பயல் ஊளை கூடப் பரவாயில்ல, பழகிடுச்சு. இன்னொண்ணு இருக்கே, அந்தக் கிழட்டு நாய், அதைத்தான் தாங்க முடியல. இழுத்து இழுத்து, மூச்சு முட்டுற மாதிரி. ரெண்டு நாய்னுதான் எழுதிக் கொடுத்தேன். உங்க வீட்டுல ஒண்ணுதான் இருக்குன்னு சங்கச் செயலாளர் இன்னொண்ணை அடிச்சுத் திருத்திட்டார். அதுக்கு என்ன வியாதி சார்? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

மாமனார் நாயைப் பார்த்தார். பேசாமல் நழுவினால் மானம் தப்பும், நாய் போய்விடும். வேட்டி மடிப்பில் செருகி வந்திருந்த மவுத் ஆர்கனை எடுத்து நர்சின் முன்னால் நீட்டினார்.

"அந்தக் கிழட்டு நாய் நான்தாம்மா."

நர்சு அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சி எந்தச் சிரிப்பையும்விட மோசமாக இருந்தது. பிறகு குனிந்து மேனேஜரின் காதைச் சொறிந்துவிட்டார்.

"இன்னைக்கே புகாரைத் திருப்பி வாங்கிடுறேன். இவன் இங்கேயே இருக்கட்டும்," என்றார் மருமகளிடம். "நான் ஆறு மணிக்கு டூட்டிக்குக் கிளம்பிடுவேன். பெரியவரை மட்டும் அதுக்கு மேல அவுத்து விடுங்க."