எழுபத்தேழாம் வருடத்து ஸ்டூல்

பத்து மணிக்கு வாசல் திறப்பார்கள். அதற்குள் கொழுப்பு உருகிப் பொரிக்கும் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். கிளெண்டா காகிதத்தைப் பிரித்து வெள்ளைக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்கினாள். மாட்டுக் கொழுப்பு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஓரங்கள் கண்ணாடிபோல் ஆகி, மெல்லச் சரிந்தது. அவள் அடுப்பின் முன்கம்பியில் இடுப்பைச் சாய்த்து, வலது காலைத் தூக்கி இடது கணுக்காலில் வைத்துக்கொண்டாள். சற்றுக் கழித்துக் கால் மாற்றினாள். மாலை ஐந்து வரை இப்படித்தான்.

அடுப்பு அவளுக்குப் புதிதல்ல. கெல்டன் ஊரின் மில் தெருவில் அட்லி மீன் வறுவல் கடை நடந்தபோது, பதினாறு வயதில் இதே அடுப்பின் முன்னால் வந்து நின்றவள். கடை மூடும்வரை முப்பத்திரண்டு வருடம் அங்கேயே இருந்தாள். அதன்பின் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டினாள். அதுவும் மூடியது. கடை பூட்டிக் கிடந்த நாட்களில் அருங்காட்சியகத்து ஆட்கள் வந்து, அடுப்பையும் சுவரின் பச்சைப் பூ ஓடுகளையும் ஒவ்வொன்றாக எண் எழுதிப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊருக்கு ஆறு மைல் தள்ளி, பழைய சுரங்க மேட்டில், பார்வையாளர்கள் வந்து சுற்றிப் பார்க்க, 1977ஆம் வருடத்துத் தெரு ஒன்றை எழுப்பினார்கள். ராணி பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து ஆண்டு நிறைந்த வெள்ளி விழா நடந்த வருடம். அதனால் கடைக்குக் கடை தோரணம். மீன் கடைக்கு ஆள் எடுத்தபோது அந்த அடுப்பைப் பற்றவைக்கத் தெரிந்தவள் கிளெண்டா ஒருத்திதான். இப்போது அவளுக்கு அறுபத்துமூன்று. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம்.

கூட்டம் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம் அவளுக்குப் பிடிக்கும். மழை நனைத்த கருங்கல் தளம், ரொட்டிக் கடையின் கோடுபோட்ட துணிப் பந்தல், முடிதிருத்தகத்தின் சிவப்பு வெள்ளைக் கம்பம். எல்லாம் அவள் பதினேழு வயதில் பார்த்தபடியே இருந்தன. வேலைக்குச் சேர்ந்த வாரம் இதைப் பார்த்து நடுத்தெருவிலேயே நின்றிருக்கிறாள். உண்மையான மில் தெருவில் இப்போது எட்டுக் கடைகளை ஒட்டுப்பலகை அடித்து மூடியிருந்தார்கள். அந்த வழியாகத்தான் அவள் தினமும் பஸ் பிடிக்க நடந்து வந்தாள்.

பத்தரைக்கெல்லாம் வரிசை கதவைத் தாண்டிவிட்டது. முன்னால் நின்ற முதியவர் ஓடுகளைத் தடவிப் பார்த்தார்.

"அப்படியே இருக்கு பாரு, ஜாய்ஸ். வாசனைகூட மாறல."

"அப்பல்லாம் ஊரு ஊரா இருந்துச்சு," என்றாள் அவர் மனைவி. "ஆளுங்க மூஞ்சில ஒரு சிரிப்பு இருக்கும். இப்ப எங்க தெருவுல போய்ப் பாருங்க, பாதிக் கடை பூட்டு." கிளெண்டாவைப் பார்த்துத் தலையாட்டினாள். "நீங்க கொடுத்துவெச்சவங்க. தினமும் இதுலயே இருக்கீங்க."

"உப்பும் வினிகரும் போடட்டுமா, கண்ணு?" என்றாள் கிளெண்டா. சிரித்தபடி. சிரிப்பது பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தது.

முட்டிக்குப் பின்னால் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. பழுப்பு நிறக் காலுறை அதை மறைத்தது. மூன்று மணிக்கு மேல் கணுக்கால் வீங்கி, அந்தக் காலத்து மாதிரியில் தைத்த ஷூவின் வாரைக் கடைசி ஓட்டைக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நிற்கக் கூடாது என்று டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அது ஏப்ரன் பையில் பத்து நாளாகக் கிடந்து எண்ணெய் பிடித்திருந்தது.

அன்று மதியம் தம்சின் கடைக்குள் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தெருவில் எந்தப் பொருள் இருக்கலாம், எது கூடாது என்று பார்ப்பது அவள் வேலை. வாரத்துக்கு ஒருமுறை கையில் கோப்போடு வந்து அலமாரி அலமாரியாகச் சரிபார்ப்பாள்.

"தம்சின், ஒரு ஸ்டூல் போட்டுக்கலாமா? வரிசை இல்லாத நேரத்துல மட்டும்."

தம்சின் கோப்பைப் புரட்டினாள். "இந்தக் கடையோட படம் நம்மகிட்ட பதினொண்ணு இருக்கு. ஒண்ணுலயும் ஸ்டூல் இல்லயே, கிளெண்டா."

"படம் எடுக்க வந்தா எந்திரிச்சு நிப்போம்ல."

தம்சின் சிரித்துவிட்டாள். "புரியுது. ஆனா ஆதாரம் இல்லாம ஒரு சாமானும் தெருவுல வைக்கக் கூடாதுன்னு அருங்காட்சியகக் குழு சொல்லியிருக்கு. நான் வெச்சா என் தலையில வந்து விடியும்."

"அட்லி கடையில ஸ்டூல் இருந்துச்சு, நானே அதுல உக்காந்திருக்கேன். நான் ஆதாரம் இல்லயா?"

"நீங்க சொன்னத வேணா குறிச்சு வெச்சுக்கறேன். ஆனா படமோ பொருளோ வேணுமாம். ஓய்வறையில சோபா போட்டிருக்கே, அங்க போகலாமே?"

ஓய்வறை தெருவின் மறுகோடியில், தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. அவள் நடைக்குப் போக நான்கு நிமிடம், வர நான்கு நிமிடம். இடைவேளை பத்து நிமிடம்.

கிளெண்டா கடிதத்தை வெளியே எடுத்தாள். தம்சின் படித்துவிட்டு, வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"இத அலுவலகத்துல குடுக்காதீங்க. ரொட்டிக் கடை ப்ரெண்டா இதே மாதிரி ஒரு கடிதம் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? இந்த வேலைக்கு உடம்பு ஒத்துவராதுன்னு எழுதிட்டாங்க. வாரத்துல ரெண்டு நாள் தன்னார்வலரா வரலாம்னு சொன்னாங்க. சம்பளம் கெடையாது."

கிளெண்டா கடிதத்தை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் போட்டாள்.

மாலையில் ஊழியர் வாசலில் நெவிலோடு நின்றாள். முடிதிருத்தகக்காரனாக வேஷம் போடுபவன். முன்பு பஸ் ஓட்டியவன்.

"என் கடையில நாலு நாற்காலி இருக்கு," என்றான் அவன். "ஒண்ணுலயும் நான் உக்காரக் கூடாது. எழுபத்தேழுல இந்த ஊரு சனமே நின்னுகிட்டே பொறந்து நின்னுகிட்டே செத்துச்சாம்."

"சிரிக்க வைக்காத. சிரிச்சா கால் வலிக்குது."

"படம்தானே கேக்கறா? அட்லி பொண்டாட்டி இன்னும் இருக்காளே. போய்க் கேளேன்."

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. மிஸஸ் அட்லியைப் பார்க்கப் போனாள். வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. மிஸஸ் அட்லிக்கு எண்பத்தொன்பது. கதவைத் திறந்ததும் கிளெண்டாவின் கண் பட்டது அந்த ஸ்டூலில்தான். அதே நாலு கால், அதே சிவப்பு ரெக்ஸின். வாசல் சுவரோரம் இருந்தது.

"ஷூ போடறதுக்கு வெச்சிருக்கேன்," என்றாள் மிஸஸ் அட்லி. "அந்த உசரத்துலதான் குனிய முடியுது. நீ என்ன இப்படிக் கெந்திக் கெந்தி வர்ற? உக்காரு முதல்ல."

கிளெண்டா அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். தேநீர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட கிழவி பிஸ்கட் டப்பா ஒன்றை மடியில் கவிழ்த்துப் படங்களைக் கிளறினாள்.

"இந்தா. நீ வாயும் வயிறுமா உக்காந்திருக்க."

கிளெண்டா திருப்பிப் பார்த்தாள். "எண்பத்து மூணு. வருசம் தப்பு, மிஸஸ் அட்லி."

"வருசம் தப்பாமா! வயிறு சரியாத்தானே இருக்கு?" கிழவி மறுபடி கிளறினாள். "அவரு உக்காருன்னு வாயால சொல்லமாட்டாரு, கவனிச்சிருக்கியா? ஸ்டூல காலால உன் பக்கம் தள்ளி விடுவாரு. பெரிய மகான்னு நெனச்சுக்காத. பொண்ணு கால் வீங்கிப் படுத்துட்டா மீன் யாரு பொரிக்கறதுன்னு எங்கிட்ட சொல்லுவாரு."

டப்பாவின் அடியில் அது இருந்தது. கடையின் பின்வாசல், தோரணம், காகிதக் கிரீடம் வைத்த கிளெண்டா. ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, செய்தித்தாள் பொட்டலத்திலிருந்து உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்தாள். பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது: 7 ஜூன் 1977.

இரண்டு பெண்களும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"எவ்வளவு ஒல்லியா இருந்திருக்க," என்றாள் மிஸஸ் அட்லி.

அந்த வாரம் கடைக்கு வந்த தம்சினுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. படத்தை ஓரம் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். "தேதியோட இருக்கு! இந்த மாதிரி ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல, கிளெண்டா. கண்டிப்பா குழுவுக்குப் போடறேன். அந்த ஸ்டூல் என்ன ஆச்சு?"

"மிஸஸ் அட்லி வீட்டுலதான் இருக்கு," என்றாள் கிளெண்டா, கரண்டியைத் துடைத்துக்கொண்டே.

குழு கூட மூன்று வாரம் ஆனது. அதற்குள் கணுக்கால் உட்பக்கத்தில் தோல் கறுத்து, ஒரு சிறு புண் திறந்துகொண்டது. காலையில் கட்டுப் போட்டு அதற்குமேல் காலுறையை இழுத்துவிட்டாள். புண்ணைப் பார்த்த நர்ஸ் காலை உயர்த்தி வைக்கச் சொன்னாள். கிளெண்டா சரி என்றாள். ஸ்டூல் வந்துவிட்டால் மதியத்துக்கு மேல் சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அவள் வந்தபோது கடைக்குள் விளக்கு எரிந்தது. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில், அவள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஸ்டூல் இருந்தது. ரெக்ஸினைத் துடைத்து மினுக்கியிருந்தார்கள். சுற்றிலும் பித்தளைத் தூண் இரண்டு, சிவப்புக் கயிறு. மேலே சுவரில் அந்தப் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கீழே அட்டையில் எழுத்து: வேலைக்கு நடுவே ஓய்வு, 1977. கயிற்றில் இன்னொரு சிறிய அட்டை: உட்கார வேண்டாம்.

தம்சின் பருத்திக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அசல் பொருள் ஆயிடுச்சு, கிளெண்டா. நம்பர் போட்டு பதிவேட்டுல ஏறியாச்சு. யாரும் உக்காரக் கூடாது."

"அப்ப வேற ஒண்ணு?"

"கேட்டேன். நெசமாவே கேட்டேன். அசல் பக்கத்துல போலி வைக்கக் கூடாதுங்கறாங்க." அவள் கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்தாள். "எனக்கே வேல ஒப்பந்தம் அக்டோபரோட முடியுது. இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கிளெண்டா கோட்டைக் கழற்றி மாட்டினாள். தூண்கள் வந்ததில் அவள் நிற்கும் இடம் ஒரு முழம் குறைந்திருந்தது.

மறுநாள் மாலை பஸ் நிறுத்தத்தில் தொலைபேசி ஒலித்தது.

"உக்காந்து பாத்தியா?" மிஸஸ் அட்லியின் குரல். "வேன்ல வந்தாங்க. பூங்கொத்தெல்லாம் குடுத்தாங்க. கிளெண்டாவுக்குத்தான்னு சொன்னதும் எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன்."

கிளெண்டா நிறுத்தத்தின் கண்ணாடியில் தோளைச் சாய்த்துக்கொண்டாள்.

"பாத்தேன், மிஸஸ் அட்லி. நல்லா இருக்கு."

"நான் கட்டில்ல உக்காந்து போட்டுக்கறேன், ஷூவ. கட்டில் ரொம்பத் தாழ்வு, எந்திரிக்கத்தான் சிரமம். பரவால்ல. உனக்கு ஆகுதுல்ல."

"ம். ஆகுது."

சனிக்கிழமை நல்ல வெயில். வரிசை ரொட்டிக் கடைவரை நீண்டது. மதியம் இரண்டு மணிக்கு, நீலச் சட்டை போட்ட ஒரு பெண் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகராமல் சுவரைப் பார்த்தாள்.

"படத்துல இருக்கறது நீங்களா?"

"ஆமா, கண்ணு."

"அய்யோ, எவ்வளவு அழகு! பாருங்க, அந்தக் காலத்துல எவ்வளவு நிதானமா வேல பாத்திருக்காங்க. இப்ப யாரு இப்படி உக்கார விடறாங்க?" பொட்டலத்தைக் கணவனிடம் கொடுத்துவிட்டுக் கைப்பேசியை உயர்த்தினாள். இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க நின்னா ஸ்டூல் மறையுது. கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

தள்ளிக்கொள்ள அடுப்புப் பக்கம்தான் இடம் இருந்தது. கிளெண்டா தொட்டியோரத்துத் தகட்டில் முதுகு படாமல் ஒடுங்கி நின்றாள். கொழுப்பு சடசடத்தது. அந்தப் பெண் ஒரு படம் எடுத்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள், சரியில்லை என்று தலையை ஆட்டினாள்.

"உங்க முழங்கை படத்துல விழுது," என்றாள். "இன்னும் கொஞ்சம்."