பெயர் கொடுக்காத பிள்ளைகள்

கராத்தே வகுப்பில் சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஏற்காட்டுப் பள்ளியொன்றின் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. 1987 ஜூலை மாதம். நாற்பத்திரண்டு பையன்கள் பெயர் எழுதியிருந்தார்கள். பெண்கள் மூன்றே பேர். டிரில் டீச்சர் மாதம்மாள் அந்தத் தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் கிறிஸ்துதாஸின் அறைக்குப் போனாள்.

“சார், இதை எல்லாருக்கும் கட்டாயமா வெச்சுருங்க.”

“பெத்தவங்க சண்டைக்கு வருவாங்கம்மா.”

“வரட்டுங்க சார். கூப்புட்டு வெச்சே பேசிருவோம்.”

மாதம்மாள் பக்கத்து ஊரான மஞ்சக்குட்டை விவசாயி ஒருவரின் மகள். சேலத்தில் படித்தபோது ஐந்து வருஷம் கராத்தே கற்று, பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட்டோடு மலையேறி வந்தவள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பெண்கள் ஏன் பள்ளியைவிட்டு நின்றுவிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸைத் தவறவிட்டால் எஸ்டேட் பாதையில் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் எவனாவது ஜீப்பை நிறுத்தி ஏதாவது சொன்னான் என்று வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாள் முதல் பிள்ளை பள்ளிக்கு வராது.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வெளியே சாரல். ஹால் நிறைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாகலூரில் கடை வைத்திருக்கும் ஜாபர் அலி முதலில் எழுந்தார்.

“ஏனுங்க டீச்சர், புடிச்சவங்க கத்துக்கட்டும். புடிக்காத புள்ளைங்களை எதுக்குங்க இழுக்கறீங்க? எம்பொண்ணு ஆயிஷா பேரே குடுக்கலை. அவளுக்கு இஷ்டமில்லைன்னுதானுங்க அர்த்தம்?”

பலர் தலையாட்டினார்கள்.

“நீங்க கேக்கறது நியாயந்தானுங்க. ஆனா, ஏன் குடுக்கலைன்னு அவளைக் கேட்டீங்களா?” என்றாள் மாதம்மாள்.

டீத் தட்டோடு நின்ற மகளை ஜாபர் அலி திரும்பிப் பார்த்தார். “உனக்கு இஷ்டமா கண்ணு?”

ஆயிஷா தட்டைப் பெஞ்சின் மேல் வைத்தாள். “இஷ்டந்தான் அத்தா.”

“அப்பறம் ஏன் பேரு குடுக்கலை?”

“குடுக்கணும்னா உங்ககிட்டக் கேக்கணும். திடீர்னு இது எதுக்கு, வழியில யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களான்னு கேப்பீங்க. அதுக்கு நான் பதில் சொன்னா, பள்ளிக்கூடத்தையே நிறுத்திருவீங்க. எல்லாரும் கத்துக்கணும்னு வெச்சுட்டா நான் யாரையும் கேக்க வேண்டியதில்லைங்க அத்தா.”

ஜாபர் அலி மகளின் பக்கத்தில் போய் நின்றார்.

“சொன்னாங்களா?” என்றார் தணிந்த குரலில்.

“சொன்னாங்க.”

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மாதம்மாள் பக்கம் திரும்பினார். “பொண்ணுங்களுக்கு நீங்கதான் சொல்லித்தரணும். கதவு சாத்தின ஹால்ல நடக்கணும். ஒடம்புக்கு முடியாத புள்ளைங்களை விட்டுறணும்.”

“மூணுக்கும் சரிங்க.”

“அப்ப கட்டாயமாவே வைங்க.”

பின்வரிசையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் எழுந்து மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. ஒரு வருஷம் நடத்திப் பார்க்கலாம் என்று கிறிஸ்துதாஸ் கூட்டத்தை முடித்தார்.

திங்கட்கிழமை ஜாபர் அலி கடையைத் திறக்காமல் மகளோடு பஸ்ஸில் பள்ளி வாசல்வரை வந்தார்.

“நாளையில இருந்து நீங்க வர வேண்டாம் அத்தா. நாகலூர்ப் புள்ளைங்க அஞ்சு பேரும் ஒண்ணா வந்துக்கறோம்” என்றாள் ஆயிஷா. அவர் சரியென்றார்.

அன்று ஹாலில் ஐம்பத்தெட்டுப் பெண்கள் நின்றார்கள். உதையோ குத்தோ எதையும் மாதம்மாள் சொல்லித்தரவில்லை. காலை அகட்டி நிற்கவும், அடிவயிற்றிலிருந்து கத்தவும் மட்டும் சொன்னாள். முதல் தடவை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாலாவது தடவை பக்கத்து வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வாத்தியார் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து கதவைத் தட்டினார்.

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்கூடப் பள்ளியைவிட்டு நிற்கவில்லை.