இரண்டாம் வரிசைக் குடுவைகள்

மைக்ரோஸ்கோப்பில் வைத்த கண்ணை அவளால் எடுக்க முடியவில்லை. மலேரியாக் கிருமிகள் சிவப்பணுக்களுக்குள் சௌக்கியமாகக் குடியேறியிருந்தன. அதுவும் அவளுடைய மருந்து ஊற்றிய குடுவையில்! 

கிருமியின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. அதை வைத்துத்தான் அது சிவப்பணுவைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும். அந்தப் புரதத்தை மூடிவிட மருந்து செய்கிறேன் என்றுதான் இத்தனை வருஷம் மாடாய் உழைத்தாள். இரண்டு வாரத்துக்கு முன் பலித்தது. மருந்து ஊற்றிய குடுவைகளில் கிருமி நுழையவே இல்லை. பேராசிரியர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். அவளுக்கு வேலை நிரந்தரம் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று நடந்ததை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கிருமி வளர்க்க ரத்தம் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, மருந்தில்லாத முதல் வரிசைக்கே ரத்த வங்கிப் பை தீர்ந்துவிட்டது. அவளைக் கூட்டிப்போக வந்திருந்த கணவன், "நானும் ஓ குரூப்தானே, எடுத்துக்க" என்று கையை நீட்டினான். மருந்து ஊற்றிய இரண்டாம் வரிசை முழுக்க அவன் ரத்தம். இரண்டு வரிசைக்கும் வெவ்வேறு ரத்தம்! முதல் வருஷ மாணவிகூடச் செய்யாத தப்பு! இன்று ரத்த வங்கியின் புது ரத்தத்தில் மருந்து பலிக்காமல் போனதும், மிச்சமிருந்த அவன் ரத்தத்தில் மருந்தே ஊற்றாமல் பார்த்தாள். அப்போதும் கிருமி நுழையவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பணுவின் தோல் விறைப்பாக இருக்கும். அவனுக்கு அப்படி. அவளுடைய மருந்து வெறும் தண்ணீர்.

பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. புதன்கிழமை பணம் குடுக்கறவங்க பாக்க வர்றாங்க. அதே ரத்தத்துல, அதே மாதிரி செஞ்சு காட்டு."

"அது பொய்யில்லையா சார்?"

"வேல வேணுமா, வேணாமா உனக்கு?"

வெளியே வந்தாள். அவர்மேல் வந்த ஆத்திரமெல்லாம் தன்மேலேயே திரும்பியது. சீ, என்ன பிழைப்பு இது!

வீட்டில் கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு வேலை நிரந்தரமாகப் போவதை மாமியாரிலிருந்து எதிர்வீட்டுக்காரர்வரை அவன் சொல்லித் தீர்த்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் ரத்தம் வேணும்," என்றாள்.

"பாத்தியா! என் ரத்தம்தான் உனக்கு ராசி. பரிசு வந்தா பாதி எனக்குன்னு உங்க சார்கிட்ட சொல்லிடு." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "ம், எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ரப்பர் பட்டையை எடுத்து அவன் கையில் கட்டினாள். நரம்பு புடைத்து எழுந்தது. ஊசியை அருகே கொண்டுபோய், திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"வலிக்காதுடி, குத்து," என்று அவன்தான் அவளுக்குத் தைரியம் சொன்னான்.