வார்ம் பர்சன்

மாடியில் மூன்று அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சமையலும் துணி துவைப்பதும் என் வேலை. விரிப்பு மாற்றுவதும் இங்கிலீஷில் பேசுவதும் என் நாத்தனார் வேலை. அவள் கணவனைப் பறிகொடுத்துவிட்டு எங்களிடம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே ஒப்புக்கொள்வேன், மற்றவர்கள் சொன்னால்தான் கோபம் வரும்.

போன மாதம் ஒரு குளிர்தேசத்துப் பெண் வந்து தங்கினாள். மழையில் நனைந்து காய்ச்சலில் விழுந்தாள். "குடை எடுத்துட்டுப் போனா கையா தேஞ்சுடும்?" என்று கத்திக்கொண்டே தலையைத் துவட்டிவிட்டேன். அவளுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. பாலைக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றேன். நாலு நாளும் இதே கூத்து.

கிளம்பும்போது தலையணைமேல் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'யூ ஆர் எ வெரி வார்ம் பர்சன்.'

வார்ம் எனக்குத் தெரிந்த வார்த்தைதான். குளியலறை ஹீட்டரில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் திருகி எத்தனையோ முறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஆக, நான் எந்நேரமும் கொதிக்கிறவள் என்கிறாள்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பரவாயில்லையே, நாலே நாள்ல கண்டுபிடிச்சுட்டாளே! எனக்கு நாலு வருஷமாச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சல்காரியை அப்படியா விரட்டினோம் என்று உறுத்தியது. நாத்தனாரிடம் காட்ட வெட்கமாக இருந்தது.

அன்றோடு வாய்க்குப் பூட்டுப் போட்டேன். நாத்தனார் பாலைப் பொங்கவிட்டாள், பேசாமல் துடைத்தேன். விரிப்பைத் தலைகீழாக விரித்தாள், "பரவாயில்லம்மா" என்றேன்.

எட்டாம் நாள் காலை மாடி ஏறினால், அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஹாஸ்டல்ல இடம் கேட்டிருக்கேன் அண்ணி. எத்தனை நாளைக்கு உங்களுக்குப் பாரமா இருக்கறது?"

"பாரமா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு வாரமா நீங்க என்னைத் திட்டவே இல்ல. வந்து தங்கறவங்களைக்கூடத் திட்டுவீங்க. என்னைப் பார்த்து மட்டும் பரவாயில்லம்மாங்கறீங்க." குரல் உடைந்துவிட்டது.

ஓடிப்போய்ச் சீட்டை எடுத்துவந்து நீட்டினேன். "இதைப் படிச்சதுலேருந்துதான் வாயை மூடிக்கிட்டிருக்கேன்."

படித்தாள். "ஐயோ அண்ணி, இது பாராட்டு! நமக்கு மனசு குளிர்ந்தா சந்தோஷம். குளிர்லயே கிடக்கறவங்களுக்குச் சூடுதானே சுகம்? அன்பா கவனிச்சுக்கறவங்களை வார்ம்னுதான் சொல்லுவாங்க."

பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்தேன்.

"என்ன அண்ணின்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வராதா உனக்கு? அவசரக்குடுக்கை! ஹாஸ்டலாம் ஹாஸ்டல்! அங்க யாரு நீ சாப்பிட்டியா, செத்தியான்னு பாப்பாங்க?"

நான் பொரிந்து தள்ளினேன். அவள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் திரும்ப வைத்தாள். மூச்சு வாங்க நான் நிறுத்தியதும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க அண்ணி" என்றாள்.